வண்டியைச் சுற்றி ஒரு ரவுண்டு

பெங்களூரிலிருந்து வந்திருந்த ரேவதி மேடம் எங்கள் வீடியோ கேமின் மூன்றாவது கேலக்ஸியில் வண்டியை இறக்கினார். கதவு திறந்தது. ஹெல்மெட் போட்ட எங்கள் சிறுமி வெளியே குதித்தாள். மேடம் அவளை நேராக ஓடவிட்டார். உடைந்த கிரகத்தின் விளிம்பு வரை போய் நிறுத்தினார். முன்னால் ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. குதித்துப் பார்த்தார். சிறுமி விழுந்து, மறுபடி வண்டியருகே எழுந்தாள். மறுபடி ஓடினார், மறுபடி விழுந்தார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அறையில் நாங்கள் நான்கு பேர் அவருக்குப் பின்னால் நின்றிருந்தோம். அந்த விளிம்பிலிருந்து அடுத்த கிரகம் வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்கள் எழுந்து வர வேண்டும். எங்களில் யார் விளையாடினாலும் வரும். அன்று காலையில்கூட வந்தது.

"வருமுங்க மேடம், கொஞ்சம் இருங்க," என்றார் எங்கள் முதலாளி செந்தில்.

மேடம் கொஞ்சம் இருந்தார். ஒன்றும் வரவில்லை.

நான் அங்கே எப்படி இருந்தேன் என்றால்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், பள்ளிபாளையத்தில் தறி, நாமக்கல்லில் முட்டை லோடு, பிறகு ஆழ்துளைக் கிணறு தோண்ட போர் போடும் ரிக் வண்டி. ரிக்கோடு ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றினேன். எந்த வேலையிலும் நிலையாக இருந்ததில்லை. ஒரு வேலை பழகிவிட்டால் எனக்குக் கால் அரிக்கும். ரிக்கில் ராடு மாட்டும்போது இடது சுண்டுவிரல் போனது. கட்டுப் போட்டுக்கொண்டு அந்த சீசனை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

செந்திலின் அப்பாதான் அந்த ரிக்கின் ஓனர். செந்தில் இன்ஜினியரிங் படித்தவர். ரிக்கில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, திருச்செங்கோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே இரண்டு அறை பிடித்து வீடியோ கேம் செய்ய ஆரம்பித்தார். ஊரில் யாருக்கும் புரியவில்லை. "ஏனுங், பையன் மேல என்ன தொழில் பண்றாப்டி?" என்று கேட்டால் அவர் அப்பா, "கம்ப்யூட்டருல போர் போடறான்," என்று சொல்லிவிட்டுப் போவார்.

என்னை ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளவும் கார் ஓட்டவும்தான் கூப்பிட்டார்கள். முதல் நாளே செந்தில் என் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்தார்.

"பழனிண்ணா, சும்மாதான உக்காந்திருக்கீங்க. இதைக் கொஞ்சம் ஆடிப் பாருங்க. எங்க மாட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க தம்பி."

"தெரியாத ஆளுதான் வேணும்."

அப்படித்தான் டெஸ்டர் ஆனேன். கண்ட்ரோலருக்குச் சுண்டுவிரல் தேவைப்படாது. டெஸ்டர் வேலை என்பது விளையாடுவது அல்ல. ஒரே சுவரில் திரும்பத் திரும்ப முட்டுவது, ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுவது, எங்காவது கால் தரைக்குள் புதைந்தால் கூப்பிட்டுச் சொல்வது. புதுசாக ஒரு பதிப்பு தயாரானால் அதை பில்ட் என்பார்கள். ஒவ்வொரு பில்டுக்கும் முதலிலிருந்து முட்ட வேண்டும். ரிக்கில் இருந்தவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை. பாறை வந்தால் ஒரு நாள் முழுக்க ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் நாங்கள்.

எங்கள் மூன்று கேலக்ஸிகள்

எங்கள் கேமில் ஒவ்வொரு லெவலும் ஒரு கேலக்ஸி. சிறுமி தன் வண்டியில் ஒரு கேலக்ஸிக்குள் இறங்குவாள். ஆபீசில் யாரும் அதை விண்கலம் என்று சொன்னதே இல்லை. மூன்று பெரிய சக்கரமும் முன்னால் ஒரு விளக்கும் வைத்திருந்ததால் எங்களுக்கு அது வண்டிதான். இறங்கியதும் கிரகம் விட்டுக் கிரகம் தாவி, வழியில் கிடைக்கும் ஒளிமணிகளைச் சேகரித்துக்கொண்டு, கடைசிக் கிரகத்தில் இருக்கும் கதவைத் திறக்க வேண்டும். கிரகங்கள் சின்னவை. சிலவற்றை ஓடிச் சுற்றி வந்துவிடலாம். தலைகீழாக நின்றாலும் கீழே விழமாட்டாள். எனக்கு அது பழக ஒரு வாரம் ஆனது.

முதல் கேலக்ஸியைச் செய்தது மணிகண்டன். கம்ப்யூட்டரில் கோடு எழுதுபவனும் அவன்தான். சொந்த ஊர் நாமக்கல் பக்கம், வீட்டில் கோழிப் பண்ணை. அவன் கேலக்ஸியில் கிரகமெல்லாம் முட்டை வடிவத்தில் உருளும். இரண்டாவது செந்திலுடையது. சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் ரோடு மாதிரி, வளைந்து வளைந்து மேலே போகும் ஒரே பாதை.

மூன்றாவது ஷபானாவுடையது. சேலத்துப் பெண். அத்தா என்று அவள் கூப்பிடும் அவள் அப்பா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்து விற்கும் கடை வைத்திருக்கிறார். அவளுடைய கேலக்ஸியில் உடைந்த கிரகங்களுக்கு நடுவே பெரிய பெரிய தார்ப்பாய்கள் கட்டியிருக்கும். பச்சை, நீலம், பழுப்பு. அதன்மேல் குதித்தால் தூக்கி எறியும், அடுத்த கிரகத்துக்குப் போய்விடலாம்.

"ஸ்பேஸ்ல காத்தே இல்ல, தார்ப்பாய் எப்படி ஆடும்?" என்று மணி கேட்டான்.

"உன் கோழி எந்த கிரகத்துல முட்டை போட்டுச்சு? நீ சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்," என்றாள்.

அந்தக் கேலக்ஸியில் ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். வண்டி இறங்குவது ஓர் உடைந்த கிரகத்தில். வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நடக்கும் அளவுக்குத்தான் இடம் இருக்கும், அதைத் தாண்டினால் பள்ளம். அங்கே போய் நின்றால், வண்டி மறைத்துக்கொண்டிருந்த வானம் முழுக்கத் திறக்கும். முன்பக்க இருட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வளைந்து வரும் வழியில், இனி நாம் போகப்போகிற கிரகங்கள் எல்லாம் சுருள் சுருளாகத் தொங்கும். அத்தனை தார்ப்பாயும் ஒரே நேரத்தில் ஆடும். ஷபானா ஒரு வருஷத்துக்கு மேல் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு பார்வையில் தெரியும்.

கேமை வெளியிட ஒத்துக்கொண்டிருந்தது ரேவதி மேடத்தின் கம்பெனி. முதல் இரண்டு கேலக்ஸிகளை முன்பே பார்த்துச் சரி சொல்லிவிட்டார்கள். மூன்றாவதைப் பார்த்து முடிவு சொல்லத்தான் அவர் அன்று வந்தார். வேண்டாம் என்றால் இரண்டோடு கேம் வெளிவரும். மூன்றாவதற்காகத்தான் செந்தில் ஷபானாவை வேலைக்கு எடுத்திருந்தார். அது போனால் அவளுக்கு இங்கே செய்ய ஒன்றுமில்லை. இது எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் வந்தது, அவருக்கு வரவில்லை

ரேவதி மேடம் வேலைக்காகப் பெங்களூர் போன சென்னைக்காரர். கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பாருங்க செந்தில், பக், ஏதாவது கோளாறு இருந்தா பரவாயில்ல. ஆனா இந்த லெவல்ல பாக்கறதுக்கே எதுவும் இல்லையே. ஒரு பாறை, ஒரு வண்டி, முன்னாடி இருட்டு. முதல் ரெண்டுல இறங்கினவுடனே ஒரு உலகம் தெரிஞ்சுது."

ஷபானா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம் மேடம், நான் ஆடிக் காட்டறேன்," என்றாள்.

ஆடினாள். கற்கள் எழுந்து வந்தன.

"சரி, மறுபடி குடுங்க." மேடம் வாங்கி ஆடினார். வரவில்லை.

மணி வாங்கினான். வந்தது. "கண்ட்ரோலர்ல ஒண்ணும் இல்லீங்க மேடம்," என்றான். மேடம் வாங்கினார். வரவில்லை. என்னிடம் கொடுத்தார்கள். நான் இறங்கினேன், ஓடினேன், வந்தது.

செந்தில் நெற்றியைத் துடைத்தார். "ராசி இல்லியாட்டம் இருக்குதுங்க மேடம்," என்றார். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை.

மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "மூணு பேரும் இன்னொரு தடவை ஆடுங்க. நான் பாக்கறேன்."

ஒருவர்பின் ஒருவராக ஆடினோம். கடைசியாக நான் முடித்ததும் அவர் கேட்டார்:

"ஏன் எல்லாரும் இறங்கின உடனே வண்டியைச் சுத்தி வர்றீங்க?"

"யாருங்க சுத்துனது?" என்றேன் நான்.

"நீங்கதான். நீங்க, அவர், அவங்க, மூணு பேரும். வண்டிக்குப் பின்னாடி போயி, ஒரு சுத்து சுத்திட்டு, அப்புறம்தான் முன்னாடி ஓடறீங்க."

செந்தில் கண்ட்ரோலரை எடுத்தார். இறங்கினார். அவர் கட்டைவிரல் தானாகவே சிறுமியை வண்டிக்குப் பின்னால் கொண்டுபோனது. பாதியில் நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தார்.

"அட, ஆமாங்க," என்றார்.

அறியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். லாரி, ரிக் ஓடுகிற எங்கள் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அப்படியே போய்விடமாட்டோம். ஒரு ரவுண்டு வருவோம். டயரைக் கையால் தொட்டுச் சூடு பார்ப்போம். ஸ்பேனரால் தட்டிக் காற்று பார்ப்போம். ஆயில் ஒழுகுகிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். கிளீனராகச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லித் தருவார்கள், செய்யாவிட்டால் முதுகில் ஒன்று விழும். பிறகு அது கால் செய்யும் வேலையாகிவிடும், புத்திக்குத் தெரியாது. செந்தில் ரிக்கோடு வளர்ந்தவர். மணி வீட்டில் முட்டை வண்டி. ஷபானா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடை வாசலில் லாரிகளுக்கு நடுவேதான் இருப்பாள்.

கற்களை எழுப்புவதற்கு ஒரு ட்ரிகர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி, அதை மிதித்தால் அடுத்தது நடக்கும். ஷபானா அதை வண்டிக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"ஏன் அங்க வெச்ச?" என்று மணி கேட்டான்.

"எல்லாரும் அங்க போவாங்கல்ல?" என்றாள் அவள். சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்களுக்கு வேறு டெஸ்டர்களும் இருந்தார்கள். கீழே பட்டறைக்கு வரும் ரிக் டிரைவர்களைக் கூப்பிட்டு ஆட வைப்போம். ஷபானாவின் அத்தாவே ஒருமுறை வந்து ஆடினார். வண்டியைச் சுற்றி நிதானமாக நடந்து, பின்னால் போய் வானத்தைப் பார்த்தவர், "ஏம்மா, வானமெல்லாம் தார்ப்பாய் கட்டிருக்க. வண்டிக்கு ஒண்ணு போடலியே?" என்று கேட்டார். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவர் சுற்றி வந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

ரேவதி மேடம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "காரணம் புரியுது. ஆனா இதை வாங்கி ஆடப்போறவங்க யாரும் லாரி டிரைவர் இல்ல. சாயங்காலம் எனக்கு ட்ரெயின். அதுக்குள்ள எனக்கு இந்த லெவல் புரியணும். இல்லேன்னா ரெண்டே போதும்," என்றார்.

செந்தில் தன் மனைவியை வரச்சொல்லி, மேடத்தை வீட்டுக்குச் சாப்பிட அனுப்பி வைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் நடந்தது

கதவு சாத்தியதுமே மணி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். "ரெண்டு நிமிஷ வேலை. பெட்டியைத் தூக்கி முன்னாடி வெச்சா முடிஞ்சுது."

"வேண்டாம்," என்றாள் ஷபானா.

"ஏன்?"

"முன்னாடி வெச்சா கல்லு வரும். ஓடிப்போயிருவாங்க. பின்னாடி வானத்தை யாரு பாப்பா? பாக்க ஒண்ணுமே இல்லேன்னு அவங்க சொன்னாங்கல்ல. எல்லாம் வண்டிக்குப் பின்னாடிதான் இருக்கு."

"அப்ப வண்டியைத் திருப்பி நிறுத்து."

"திருப்பி நிறுத்தினா இறங்கும்போதே தெரிஞ்சிரும். சும்மா கெடைச்சா யாரு நின்னு பாப்பா?"

செந்தில் ஓர் அம்புக்குறி போடலாம் என்றார். 'பின்னால் செல்லவும்' என்று எழுதிவிடலாம் என்றார். "பஸ்ல 'புகை பிடிக்காதீர்'னு எழுதியிருக்கு, பாத்தீங்களா அண்ணா?" என்றாள் ஷபானா. நான் டயருக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் டீ வாங்கக் கீழே போய்விட்டேன்.

டீயோடு வந்தபோது அவர்கள் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். செந்தில்தான் கேட்டிருக்கிறார்: "வண்டியே தெரியாத ஒரு ஆளு. நடந்து போயிட்டிருக்கான். என்ன ஆச்சுன்னா திரும்பி வண்டியைப் பாப்பான்?"

"பொகை," என்றான் மணி. "பொகை வந்தா பாப்பானுங்க."

"பொகை வந்தா ஓடுவான்," என்றேன்.

"ஹாரன் அடிச்சா?"

"முன்னாடிதான் வந்து நிப்பான்."

ஷபானா டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "காத்து," என்றாள். "புஸ்ஸுன்னு காத்து இறங்கற சத்தம். அது கேட்டா எங்க அத்தா சோத்துல கை வெச்சிருந்தாலும் எந்திரிச்சிருவாரு. அவரு மட்டுமில்ல, சைக்கிள் வெச்சிருக்கறவங்ககூடத் திரும்பிப் பாப்பாங்க."

"ஸ்பேஸ்ல சத்தம் கேக்காதே," என்றான் மணி.

"மணி!" என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம்.

சத்தம் வேண்டும். மணி போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் சேர்க்க ஆரம்பித்தான். வண்டியின் பின்சக்கரத்தில் சத்தம் வைத்தார்கள். பக்கத்தில் போகப் போகக் கூடும், தள்ளிப் போனால் குறையும், ஆனால் விளிம்பு வரை போனாலும் லேசாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். சக்கரத்தில் ஒரு முள் குத்தியிருக்கிற மாதிரி ஷபானா வரைந்தாள். சிறுமி அதைப் பிடுங்கினால் சத்தம் நிற்கும், கல் எழும். நான் ஆடிப் பார்க்கக் கை நீட்டினேன். ஷபானா கண்ட்ரோலரை மறைத்துக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம்ண்ணா. நீங்க எப்படியும் சுத்துவீங்க."

அது சரிதான். எங்கள் நான்கு பேரில் ஒருவருக்குக்கூட அதைச் சோதிக்கத் தகுதியில்லை.

வாசலில் கார் சத்தம் கேட்டது. செந்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "டேய் மணி, என்ற பைக்கு ஏன்டா சாஞ்சு நிக்குது?" என்றார்.

"காத்து சத்தம் வேணும்னு சொன்னீங்களேங்க," என்றான் மணி.

மேடம் இரண்டாவது முறை இறங்கியது

ரேவதி மேடம் உட்கார்ந்தார். வண்டி இறங்கியது. கதவு திறந்தது. சிறுமி குதித்தாள். மேடம் முன்பு போலவே நேராக ஓடினார். ஷபானா கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதி தூரத்தில் சிறுமி நின்றாள்.

மேடம் தலையைச் சாய்த்தார். "என்ன சத்தம்?" என்று தனக்குத்தானே கேட்டார். இரண்டடி முன்னால் போனார். நின்றார். திரும்பினார்.

செந்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் தோளை அழுத்தினேன். முதலாளியின் தோளில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

சிறுமி வண்டியருகே வந்தாள். முன்சக்கரத்தைப் பார்த்தாள், அங்கே இல்லை. சத்தம் பின்னால் இருந்தது. ஒரு ஆள் நடக்கும் அந்தக் குறுகல் வழியில் மெதுவாக உள்ளே போனாள். கேமரா அவளோடு திரும்பியது. வண்டி ஒதுங்கி, வானம் திறந்தது.

மேடம் முள்ளைப் பிடுங்கினார், சத்தம் நின்றது. அவர் கண்ட்ரோலரை மடியில் இறக்கிவிட்டார். தார்ப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்தன. முன்பக்கம் கற்கள் ஒவ்வொன்றாக எழும் சத்தம் கேட்டது. மேடம் திரும்பவில்லை.

ஷபானா கண்ணைத் திறந்திருந்தாள். "மேடம், கல்லு வந்துருச்சு," என்றாள் மெதுவாக.

"இருங்க, இருங்க. அது நிக்கட்டும்," என்றார் மேடம்.

அன்று அவர் அந்தக் கேலக்ஸியைக் கடைசிக் கதவு வரை ஆடினார். தார்ப்பாயிலிருந்து எத்தனையோ தடவை விழுந்தார், ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குதித்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதுதான் செந்தில் முடிவைக் கேட்டார்.

"மூணாவதா வைக்காதீங்க. இதையே முதல்ல வைங்க," என்றார். பிறகு ஷபானாவிடம், "நாலாவது எப்ப?" என்று கேட்டார்.

ஷபானா அழவில்லை. "அத்தாகிட்ட சொல்லிட்டு வாரேன்," என்று போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

காரில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மேடம் என்னிடம் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க பழனி சார். நீங்க இனிமே டெஸ்ட் பண்ணக் கூடாது. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

எந்த வேலையிலிருந்தும் நானாகத்தான் போயிருக்கிறேன். போகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் சொன்னது நியாயம்.

இப்போது செய்கிற வேலை

இப்போது நான் ஆடுவதில்லை, ஆள் பிடிக்கிறேன். லேப்டாப்பையும் கண்ட்ரோலரையும் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். கேமைக் கண்ணால் கூடப் பார்க்காத ஆளாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. டிரைவர், கிளீனர் மட்டும் வேண்டாம். டெய்லர், நர்ஸ், பூக்கட்டுகிறவர், பேப்பர் மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் என்று யாராவது. என் காலுக்கு ஏற்ற வேலை இதுதான். எங்கும் ஒரு நாளுக்கு மேல் இருக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கேம் செய்வதில் கஷ்டம் கோடு எழுதுவதில் இருப்பதாக மணி சொல்வான், வரைவதில் இருப்பதாக ஷபானா சொல்வாள். எனக்குத் தெரிந்த கஷ்டம், ஒரு ஆள் கண்ணெதிரே வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நீங்கள் சொல்லிவிட்டால் அவர் போய்விடுவார். ஆனால் நாளைக்கு ஆடப்போகிறவர் பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

போன மாதம் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டியில் வேலை செய்யும் ஒரு அக்காவைப் பிடித்து உட்கார வைத்தேன். ஷபானாவும் வந்திருந்தாள். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கண்ட்ரோலரை வாங்கினார். இறங்கினார், நேராக ஓடினார், விழுந்தார். மறுபடி விழுந்தார். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவர் திரும்பவே இல்லை. ஷபானா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டியில் இருந்தவர்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

கடைசியில் அக்கா எரிச்சலோடு, "இதென்னது இது, நொய்யின்னு ஒரே சத்தம்," என்று சிறுமியைத் திருப்பி வண்டிக்குப் பின்னால் கொண்டுபோனார். முள்ளைப் பிடுங்கினார். வானம் திறந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவர், "அடேங்கப்பா," என்றார்.

அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங், இத்தனை நேரம் நான் பொத்துப் பொத்துன்னு உழுந்துகிட்டு இருக்கறேன். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே, பின்னாடி போன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லக் கூடாதுங்க அக்கா," என்றாள் ஷபானா.

"நல்ல ஆளுங்க போங்க," என்று சொல்லிவிட்டு, அக்கா கண்ட்ரோலரைத் திருப்பித் தராமல் முதல் கல்லின்மேல் தாவினார்.